அறுபதாம் கல்யாணம் யாருக்காக? வாழ்க்கை நிகழ்வுகளை நாம் ஏன் விழாவாக்குகிறோம்?

கேள்வி கேட்டவர்: ஆவணிப்பிறை

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை 1965ஆம் ஆண்டு, விசுவாவசு ஆவணியில் பிறந்தவர். அதே விசுவாவசு 2025இல் மீண்டும் வருவதால், அந்த ஆவணியில் அவருக்கு அறுபது நிறைகிறது. திருக்கடையூருக்குப் போய் மணிவிழா நடத்திவிட்டு, ஊரில் ஒரு விருந்தும் வைக்க வேண்டும் என்று அம்மாவும் அக்காவும் விரும்புகிறார்கள். அப்பாவோ பிடி கொடுக்க மறுக்கிறார். "ஊரைக் கூட்டி எனக்கு மாலை போட்டால் என் ஆயுள் கூடிவிடுமா? அந்தப் பணத்தைப் பேரப்பிள்ளைகள் பெயரில் போடுங்கள்" என்பதே அவருடைய பதில்.

நான் இங்கே கேட்க வந்தது செலவைப் பற்றியோ சடங்கு முறையைப் பற்றியோ அன்று. எனக்குச் சடங்குகளில் பெரிய பற்று கிடையாது. ஆயினும் அப்பா வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து, இந்த விழா நடந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வலுத்துக்கொண்டே வருகிறது. அது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. பிறப்பதும் பருவமடைவதும் முதுமை அடைவதும் இறப்பதும் நம்மைக் கேட்டுக்கொண்டா நடக்கின்றன? நாம் கொண்டாடினாலும் கொண்டாடாவிட்டாலும் அவை நடந்தே தீரும். அப்படியிருக்க, அவற்றுக்குப் பந்தலும் பத்திரிகையும் விருந்தும் எதற்காக? "மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள" என்று சிலர் சொல்கிறார்கள். கருமாதிக்கும் பந்தல் போட்டுப் பத்திரிகை அடிக்கிறோமே, அங்கே பகிர என்ன மகிழ்ச்சி இருக்கிறது? "பண்பாடு" என்கிறார்கள்; அது காரணத்தைச் சொல்வதாக இல்லை, நெடுநாளாக நடந்து வருகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. "பகட்டு" என்கிறார்கள், கடன் வாங்கிக்கூடக் காதுகுத்து நடத்தும் ஏழை வீடுகளை அந்த ஒரு சொல்லால் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

இதைப் பற்றி ஆழமாக எண்ணியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியை

தம்பி, உங்கள் தந்தைக்கு என் வாழ்த்துகளை முதலில் தெரிவித்துவிடுங்கள்.

வியாழன் வான்வட்டத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகளும், சனி ஏறத்தாழ 30 ஆண்டுகளும் ஆகின்றன. இரண்டும் ஒருசேரத் தொடங்கிய இடத்திற்கு வந்து சேர 60 ஆண்டுகள் தேவைப்படுகின்றன. பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுப் பெயர்களும் ஒரு சுற்று முடிந்து, ஒருவர் பிறந்த ஆண்டின் பெயர் அவர் வாழ்நாளிலேயே மறுபடி வருகிறது. சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளிலும் அறுபதாண்டுச் சுழற்சி உண்டு. அங்கே அது பத்தும் பன்னிரண்டுமான இரண்டு வரிசைகளை இணைத்துக் கணக்கிடப்படுவது. ஜப்பானில் அறுபது நிறைந்தவருக்குச் சிவப்பு நிறத்தில் கையில்லாத மேலங்கி ஒன்றை அணிவிப்பார்கள். சிவப்பு அங்கு குழந்தைக்குரிய நிறம். சுற்று முடிந்து மறுபடி பிறந்தவராக அவரைக் கருதுகிறார்கள். நாம் மறுபடி தாலி கட்டச் செய்கிறோம். அவர்கள் மறுபடி குழந்தை உடை உடுத்துகிறார்கள்.

ஆனால் கணக்கு பொருந்தி வருவது மட்டுமே ஒரு விழாவுக்குக் காரணமாகிவிடாது. நாம் எந்தெந்த இடங்களில் விழா வைத்திருக்கிறோம் என்று வரிசையாக எண்ணிப் பாருங்கள்: கருவுற்றவளுக்கு ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு, குழந்தைக்குப் பெயர் சூட்டுதல், முதலாண்டு நிறைவு, மொட்டை, காதுகுத்து, பிறகு பருவமெய்துதல், திருமணம், அறுபது, எண்பது. இவற்றில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் உயிருக்கு ஆபத்தாக இருந்த இடங்கள். இறந்து இறந்து பிறந்த வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்றும், பிச்சையெடுத்துப் பிச்சை என்றும் பெயர் வைத்த தாய்மார்களை என் இளமையில் பார்த்திருக்கிறேன். எமனுக்கு இந்தப் பிள்ளை வேண்டாததாகத் தோன்ற வேண்டும் என்பதே அவர்களுடைய வேண்டுதல். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை நோக்குங்கள். மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை பத்துப் பருவங்களாகக் குழந்தையின் வளர்ச்சி பாடப்படுகிறது. தலையசைப்பது, கைகொட்டுவது, முத்தம் தருவது, நடந்து வருவது என ஒவ்வொன்றும் அங்கே ஒரு பருவமாகிறது. அவற்றுள் முதலாவது காப்புப் பருவம். இந்தக் குழந்தையைக் காத்துத் தாருங்கள் என்று தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைக்கும் பகுதி அது. அதைப் பாடி முடித்த பிறகே புலவர் செங்கீரைக்கும் தாலுக்கும் போகிறார்.

இந்திய விடுதலையின்போது நம் மக்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. அந்த நாளில் அறுபதைக் காண்பது அரிது. திருக்கடையூர் அட்டவீரட்டானத் தலங்களுள், அதாவது சிவன் வீரச்செயல் புரிந்ததாகச் சொல்லப்படும் எட்டுத் தலங்களுள், ஒன்று. பதினாறு வயதே விதிக்கப்பட்ட மார்க்கண்டேயனுக்காக இறைவன் எமனை உதைத்த இடம் என்று போற்றப்படும் ஊரைத் தேடிப் போய் அறுபதைக் கொண்டாடுவதில் உள்ள பொருத்தத்தை எண்ணிப் பாருங்கள். எண்பதில் செய்யும் சதாபிஷேகத்தை ஆயிரம் பிறை கண்டவருக்கான விழா என்கிறோம். ஆயிரம் முழுநிலவுகளுக்கு 29,530 நாள்கள், அதாவது ஏறக்குறைய 80 ஆண்டும் 10 மாதமும் ஆகும். அவ்வளவு காலம் சாவு இவரைத் தொடவில்லை என்று வியந்து நிற்பதே அந்த விழா. ஆகவே, அச்சம் ஒன்றைக் கடந்து வந்தபின் விடும் பெருமூச்சுதான் விழா என்று நான் கருதுகிறேன்.

மறுமொழி: புள்ளியியல் மாணவன்

ஆசிரியை அவர்களின் விளக்கத்தில் எனக்கு ஓரளவுக்கே உடன்பாடு. சராசரி ஆயுள் 32 என்றால் மக்கள் முப்பது வயதை ஒட்டி இறந்துகொண்டிருந்தார்கள் என்று பொருளாகாது. பச்சிளங்குழந்தைகளின் இறப்பு மிகுந்திருந்ததால் தாழ்ந்துபோன எண் அது. ஐந்து வயதைக் கடந்த ஒருவர் ஐம்பதையும் அறுபதையும் எட்டுவது அக்காலத்திலும் நடக்காத ஒன்றன்று. எனவே குழந்தைப் பருவ விழாக்களுக்கு அச்சம் என்ற விளக்கம் மிக நன்றாகவே பொருந்துகிறது. கொரியாவில் நூறாம் நாளையும் முதலாண்டு நிறைவையும் இன்றுவரை பெரிதாகக் கொண்டாடுவதற்கும் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். அறுபதாம் கல்யாணத்திற்கு அது அந்த அளவுக்குப் பொருந்தவில்லை.

அச்சம்தான் அடிப்படை என்றால், அச்சம் குறையும்போது விழாவும் குறைய வேண்டும். கொரியாவில் அறுபதாம் ஆண்டு விழா உண்மையிலேயே இளைத்துவிட்டது. ஆயுள் நீண்டுவிட்டதால் பலர் எழுபதில் கொண்டாடிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இன்று இந்தியாவின் சராசரி ஆயுள் எழுபதை ஒட்டி நிற்கிறது. ஆனாலும் திருக்கடையூர்க் கோயில் பிராகாரத்தில் ஒரு முகூர்த்த நாளில் எத்தனை இணைகள் மாலையும் கழுத்துமாக அமர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு, நம்மிடம் அது இளைக்கவில்லை என்பது தெரியும். அந்த ஊரின் விடுதிகளும் உணவகங்களும் பெரும்பாலும் இந்த ஒரு விழாவை நம்பியே நடக்கின்றன.

எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன். முதல் திருமணத்தைப் பெற்றோர் நடத்தினார்கள். மணமக்கள் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார்கள். அறுபதாம் கல்யாணத்தில் பிள்ளைகள் பத்திரிகை அடிக்கிறார்கள், பிள்ளைகள் வாசலில் நின்று வரவேற்கிறார்கள், கலச நீரைப் பெற்றோர் தலையில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊற்றுகிறார்கள். குடும்பத்தின் பொறுப்பு கைமாறிவிட்டது என்பது அன்று ஊரறிய நிகழ்த்திக் காட்டப்படுகிறது. இனவரைவியல் அறிஞர் ஆர்னால்டு வான் கெனெப் 1909இல் எழுதிய நூலில் இத்தகைய சடங்குகளுக்கு மூன்று கட்டங்கள் இருப்பதாகக் காட்டினார்: பழைய நிலையிலிருந்து பிரித்தல், இரண்டுங்கெட்ட நடுநிலையில் நிறுத்துதல், புதிய நிலையில் சேர்த்துக்கொள்ளுதல். பருவமெய்திய பெண்ணுக்குத் தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டித் தனியே இருத்துவதும், பின் நீராட்டிப் புதுப்புடவை உடுத்தி அவையில் அமர்த்துவதும் இந்த மூன்று கட்டங்களுக்கு அப்படியே பொருந்துகின்றன. இறந்த வீட்டில் பதினாறாம் நாள் வரை இருக்கும் கட்டுப்பாடுகளும் அத்தகையவையே.

மாற்றம் தானாக நடந்துவிடுகிறது என்று கேள்வி கேட்டவர் சொன்னார். உடலில் அது தானாக நடந்துவிடுவது உண்மையே. ஆனால் ஒருவர் தந்தையாகவோ குடும்பத் தலைவராகவோ ஆவதற்குச் சுற்றியுள்ளவர்களும் அவரை அவ்வாறு நடத்தத் தொடங்க வேண்டும். அதற்கு ஒரு நாள் குறிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தந்தை தயங்குவதற்குக்கூட இந்தக் கைமாற்றம் காரணமாக இருக்கலாம் என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

மறுமொழி: பேராவூரணிப் பக்கத்துக்காரன்

படித்தவர்கள் பேசும் இடத்தில் நான் புத்தகத்திலிருந்து சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியிலும் அதையொட்டிய புதுக்கோட்டை ஊர்களிலும், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில், ஆடி ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். அதற்கு வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டும் என்பதில்லை. விருந்தே நிகழ்வு. பலர் சேர்ந்து ஒரே பந்தலில் கிடா வெட்டிச் சோறு போடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மொய் எழுதும் மேசை இருக்கும். ஒருவர் ஒருமுறை மொய் விருந்து வைத்தால், ஐந்து ஆண்டுகள் கழித்தே அடுத்த முறை வைக்க முடியும். இடைப்பட்ட ஆண்டுகளில் தமக்கு மொய் எழுதியவர்களின் விருந்துகளுக்கெல்லாம் போய், வாங்கியதைத் திருப்பிச் செய்வதோடு கூடுதலாகவும் எழுத வேண்டும். கூடுதலாக எழுதிய தொகை எதிராளியின் கணக்கில் புதிய கடனாக நிற்கும். இப்படி இரு வீட்டுக்கும் நடுவில் கணக்கு ஒருபோதும் நேராகத் தீர்வதில்லை, தீரவும் கூடாது. கணக்கு முழுதாகத் தீர்ந்துவிட்டால் அந்த உறவு அறுந்தது என்று பொருள். இந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள், தென்னந்தோப்பு வாங்கியவர்கள் எங்கள் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்துத் தென்னைகளை எல்லாம் வேரோடு சாய்த்தபின், வருமானம் இல்லாமல் மொய் திருப்பிச் செய்ய இயலாது பலர் பட்ட துன்பத்தையும் அருகிலிருந்து பார்த்தேன். ஆகையால் இதை நான் முழுக்கப் புகழவில்லை. மொய்ச் சுமை தாங்காமல் நிலத்தை விற்றவர்களும் உண்டு.

ஆனாலும் கவனியுங்கள். இது வங்கியைப் போன்ற ஏற்பாடு மட்டுமே என்றால், வீட்டுக்கு வீடு பணத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகலாம் அல்லவா? எதற்காக நேரில் வர வேண்டும், எதற்காக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்? மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போனால் வீட்டுக்காரர் மனம் புண்படுவார். சாப்பிட்டுவிட்டு எழுதாமல் போகிறவரையோ யாரும் கடிந்துகொள்வதில்லை, அவருக்கு என்ன நெருக்கடியோ என்று கேட்டறிய ஆள் போகும். நோட்டில் பெயர் எழுதப்படும்போது, இன்ன ஊர் இன்னார் என்று உரக்கப் படிப்பார்கள். இப்போது கணினியில் அச்சிட்ட ரசீது தரும் இடங்களிலும், பெயரை உரக்கச் சொல்லும் வழக்கம் பெரும்பாலும் விட்டுப்போகவில்லை. என் துன்பத்துக்கு வருவேன் என்று சொன்னவர்கள் யார் யார் என்பதை ஊர் கேட்கப் பதிவு செய்வது அது.

காதுகுத்துக்குத் தாய்மாமன் தாம்பாளத் தட்டுகளும் மாலையும் பட்டும் மேளமுமாகத் தெருவில் நடந்து வருகிறாரே, அதைப் பகட்டு என்று சொல்வது எளிது. என் தங்கை மகனுக்கு நான் அப்படி நடந்தபோது எனக்குத் தெரிந்தது வேறு. இந்தப் பிள்ளைக்கு நான் இருக்கிறேன், இவன் தகப்பனுக்கு ஒன்று நேர்ந்தால் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பதை அந்தத் தெருவில் இருக்கும் அத்தனை பேரையும் சாட்சி வைத்துச் சொல்லிவிட்டேன். இனி நானே நினைத்தாலும் பின்வாங்க முடியாது. விழா இல்லாமலும் நான் அவனுக்கு மாமன்தான். ஆனால் ஊர் முன்னால் ஒப்புக்கொண்ட மாமன் ஆகியிருக்க மாட்டேன்.

கருமாதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாவு வீட்டுக்குச் சம்பந்திகளும் மாமன் மைத்துனரும் கோடித்துணி கொண்டுவருகிறார்கள். காரியம் முடிந்த நாளில் மூத்த மகன் தலையில் மாமன் மைத்துனர் வழியினர் உருமா, அதாவது தலைப்பாகை, கட்டுகிறார்கள். அவன் அழுதுகொண்டேதான் உட்கார்ந்திருப்பான். உன் அப்பன் போய்விட்டான், இனி நீதான் இந்த வீட்டுக்கு, நாங்கள் உனக்குப் பின்னால் நிற்கிறோம் என்பதைத்தான் அந்தத் துணி சொல்கிறது. கல்யாணத்தில் நடப்பதும் கருமாதியில் நடப்பதும் இந்த வகையில் ஒன்றுதான். மகிழ்ச்சி இருக்கிறதா துக்கம் இருக்கிறதா என்பது இரண்டாவது செய்தி.

மறுமொழி: செவிலியர் ஒருவர்

மேலே எழுதியவரின் கருத்துக்கு ஒரு சான்று மட்டும் சேர்க்கிறேன். 2020 ஊரடங்கின்போது திருமணத்திற்கு 50 பேரும் இறுதிச் சடங்கிற்கு 20 பேரும்தான் கூடலாம் என்று விதி இருந்தது. தொற்றால் இறந்தவர்களின் உடல்களை உறையிட்டு, வீட்டிற்குக் கொண்டு செல்லாமல் நேரே சுடுகாட்டிற்கு அனுப்பினோம். அன்று சுருக்கமாக நடந்த திருமணங்களைப் பற்றி இன்று யாரும் வருந்துவதாக எனக்குத் தெரியவில்லை; செலவு மிச்சமானது என்று மகிழ்ந்தவர்களே அதிகம். வாய்க்கரிசி போட முடியாமல் போனவர்களின் நிலை அப்படியன்று. அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் நெடுநாள் கழித்தும் மருத்துவமனைக்கு வந்து, கடைசி நேரத்தில் யார் அருகில் இருந்தார்கள், தண்ணீர் கேட்டாரா, முகம் எப்படி இருந்தது என்று எங்களிடம் கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியது எங்கள் கடமையென்று நான் எடுத்துக்கொண்டேன். ஏனெனில் அவர்கள் பார்த்திருக்க வேண்டியதை நாங்கள் மட்டுமே பார்த்திருந்தோம்.

எந்த விழாவைச் சுருக்கினால் தாங்க முடிகிறது, எதைச் சுருக்கினால் தாங்க முடியவில்லை என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது.

மறுமொழி: மருதத்துளி

இங்கே எழுதப்பட்டவை எல்லாம் உண்மை. ஆனால் எல்லாமே பந்தலுக்கு உள்ளே இருப்பவர்களின் உண்மை. விழா என்பது ஊர் ஒன்றுகூடி ஒருவரை ஏற்றுக்கொள்வது என்றால், யாரை ஏற்றுக்கொள்வதில்லை என்பதையும் அதே விழாதான் அறிவிக்கிறது.

என் வளைகாப்பில் எனக்கு முதல் வளையலை அணிவித்தவர் அதிகம் பழக்கமில்லாத தூரத்து உறவினர். சுமங்கலி, மூன்று பிள்ளை பெற்றவர் என்பதே அவருடைய தகுதி. என்னைப் பெற்று, தனியாக நின்று வளர்த்துப் படிக்க வைத்த என் அம்மா, கணவரை இழந்தவர் என்பதால் அடுக்களை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை; அவராகவே ஒதுங்கிக்கொண்டார். அதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. குழந்தையில்லாத என் தோழி ஒருத்தி எந்த வளைகாப்புக்கும் போவதில்லை. காரணத்தை அவளிடம் யாரும் கேட்பதும் இல்லை. என் மஞ்சள் நீராட்டு விழாவின்போது, என் உடலில் நடந்த ஒன்றை ஒலிபெருக்கி வைத்துத் தெருவுக்கே சொன்னார்கள். நான் வேண்டாம் என்று அழுததை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். புள்ளியியல் மாணவர் சொல்லும் அந்த மூன்று கட்டங்களிலும், நடுவில் நிற்கும் பெண்ணுக்கு விருப்பம் உண்டா என்று கேட்கும் கட்டம் எங்கும் இல்லை.

இது பிற்காலத்தில் வந்து சேர்ந்த அழுக்கு, பழந்தமிழர் விழாக்கள் தூயவை என்று யாராவது சொல்ல வரலாம். அகநானூற்றின் 86ஆம் பாடலில் ஒரு திருமணம் வருகிறது. பந்தலில் மணல் பரப்பி, விளக்கேற்றி, உழுந்துக் களி படைத்து, விடியற்காலையில் மணமகளை நீராட்டுகிறார்கள். தீ வளர்ப்பதோ புரோகிதரோ அங்கே இல்லை என்று அந்தப் பாடலைப் பெருமையாக எடுத்துக்காட்டுவார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் நீராட்டும் நான்கு பெண்கள் யார்? புதல்வரைப் பெற்ற மகளிர். அன்றைக்கும் தகுதி பார்த்தே நீர் ஊற்ற விட்டிருக்கிறார்கள். பழமை என்பதற்காக ஒன்றைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சாட்சியைப் பற்றியும் ஒன்று. 1967இல் தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளிக்க இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தபோது, புரோகிதரையும் தீயையும் விலக்கினார்கள். மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும் என்றார்கள். ஆனால் உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. எல்லாவற்றையும் கழித்த பிறகும் எஞ்சியது சாட்சிதான் என்பது பேராவூரணி நண்பரின் கருத்தை உறுதிப்படுத்துகிறது. அந்தச் சாட்சிகள் ஊராகத்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விடை தந்தது. அந்தப் பிரிவின்கீழ் நடக்கும் திருமணத்திற்குப் பொது அறிவிப்பு கட்டாயமில்லை என்றும், குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சி நிற்கும் இணைகளை அவ்வாறு கட்டாயப்படுத்துவது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் தீர்ப்பு சொல்லிற்று. சாதி மாறி மணப்பவர்களுக்கு, கூடும் உறவே அச்சமாக இருக்கிறது. அவர்களுக்குச் சாட்சியாக வரும் இரண்டு நண்பர்களின் மதிப்பை ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தால் ஈடுசெய்ய முடியாது.

விழாக்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகளின் முதல் பிறந்தநாளில் என் அம்மாவின் மடியில்தான் அவளை அமர்த்திக் காது குத்தினோம். முதலில் அம்மா மறுத்தார், பிறகு உட்கார்ந்தார். உறவினர் சிலர் முணுமுணுத்தார்கள். அதே உறவினர்கள் இப்போது தங்கள் வீடுகளில் அவரை முன்னால் அழைக்கிறார்கள். ஊர் கூடிய இடத்தில் ஒன்றை ஒருமுறை செய்துவிட்டால் அது முறையாகிவிடுகிறது. அந்த ஆற்றல் விழாவுக்கு உண்டு. அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

கேள்வி கேட்டவரின் பதில்: ஆவணிப்பிறை

அனைவருக்கும் நன்றி. மருதத்துளி அம்மா எழுதியதை நான் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அம்மா ஒன்றைச் சொன்னார். அப்பாவுக்கு ஓர் அக்கா. எனக்குப் பெரிய அத்தை. தாத்தா இளமையிலேயே இறந்துவிட, மாடு வைத்துப் பால் விற்று அப்பாவைப் பள்ளிக்கு அனுப்பியவர் அவரே. திருமணமான சில ஆண்டுகளில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். அப்பாவின் திருமணத்தன்று அவர் மண்டபத்தின் சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லையாம். "அவளைப் பின்னால் நிறுத்திவிட்டு இன்னொரு தடவை மாலை போட்டுக்கொள்ள என்னால் ஆகாது" என்று அப்பா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். செலவு என்பது எங்களிடம் சொன்ன காரணம்.

எனக்கு இந்த விழா ஏன் வேண்டும் என்று தோன்றியது என்பதும் இப்போது ஓரளவு விளங்குகிறது. அப்பா எங்களுக்குச் செய்தவற்றை வீட்டில் எத்தனையோ முறை நன்றியோடு நினைத்திருக்கிறோம். ஆனால் அதை நாலு பேர் முன்னால் நாங்கள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவருக்கும் அத்தையிடம் அதே குறை இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

கலச நீரை முதலில் அத்தை ஊற்றுவதாக இருந்தால் அப்பா இசைவார் என்று அம்மா நம்புகிறார். கோயிலில் இதற்குத் தடை வருமா? மேலும், அழைப்பிதழில் "மொய் தவிர்க்கவும்" என்று அச்சிட வேண்டும் என்பது அப்பாவின் மற்றொரு நிபந்தனை. அது சரியா?

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியை

தம்பி, என் விளக்கத்தைவிட உங்கள் தந்தையின் மறுப்பில் அதிகப் பொருள் இருக்கிறது. கோயிலில் நடத்துவதானால், சடங்கை நடத்தித் தரும் குருக்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அன்றைய பரபரப்பில் அதை முதன்முறையாகச் சொன்னால் யாராவது ஒருவர் முகம் சுளிக்க, அத்தை மறுபடி பின்வாங்கிவிடுவார். அதில் சிறிதளவு ஐயம் இருந்தாலும் வீட்டிலேயே நடத்திவிட்டு, மறுநாள் எல்லோருமாகத் திருக்கடையூர் சென்று அபிராமியை வணங்கி வாருங்கள். வீட்டு முற்றத்தில் யார் முதலில் நீர் ஊற்றுவது என்பதை முடிவு செய்யும் உரிமை உங்களுடையது. அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டியவர் நீங்களல்லர். உங்கள் தந்தையே நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்க வேண்டும். அவருக்கென்று ஒரு பட்டுப்புடவையும் எடுங்கள், மங்கிய நிறத்தில் எடுக்காதீர்கள்.

மறுமொழி: பேராவூரணிப் பக்கத்துக்காரன்

மொய்யைப் பற்றி நான் சொல்கிறேன். வேண்டாம் என்று அச்சிடுவது இப்போது பெருந்தன்மையாகத் தெரிகிறது. ஆனால் உங்கள் அப்பா இத்தனை ஆண்டுகளில் எத்தனை வீடுகளுக்குச் செய்முறை செய்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டுக்காரர்களில் பலர், திருப்பிச் செய்ய ஒரு நாள் வாய்க்காதா என்று காத்திருப்பார்கள். நீங்கள் வாங்க மறுத்தால் அவர்கள் கடனாளியாகவே நிற்க வேண்டும். அது அவர்களுக்கு மதிப்புக் குறைவு. புதிதாக யாரும் சுமை ஏற்க வேண்டாம் என்று அப்பா கருதினால் அதற்கு வேறு வழி இருக்கிறது. அழைப்பிதழில் ஒன்றும் அச்சிடாதீர்கள். பழைய மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். நீங்கள் செய்த வீடுகளிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளுங்கள், புதியவர்களிடம் இருகரம் கூப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட அழைத்துச் செல்லுங்கள். வரும் தொகையை அத்தையின் பெயரில் போட்டுவிடலாம். நோட்டில் முதல் பெயராக அத்தையின் பெயரை எழுதி, பால் விற்றுப் படிக்க வைத்தது என்று பக்கத்தில் குறித்து, அதையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.